மான் தொடையும் அப்பாவின் பெயரும்

விதி இதுதான். வேட்டைத் திட்டத்தின் கீழ் சுடப்படும் ஒவ்வொரு மானுக்கும், அது விழுந்த இடத்திலேயே, அங்கிருந்து நகர்த்துவதற்கு முன்பே, இலக்கமிட்ட பட்டை ஒன்றைப் பூட்ட வேண்டும். பிறகு அதை வெட்டிப் பங்கு போட்டால், எடுத்துச் செல்லப்படும் பங்கோடு, அந்த இறைச்சி எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டும் அத்தாட்சிக் கடிதம் போக வேண்டும். கடிதத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டியவர் அந்த வேட்டைக்குப் பொறுப்பானவர். அவ்வளவுதான். இறைச்சி எங்கிருந்து வந்தது என்றுதான் விதி கேட்கிறது. அதைச் சுமந்து போகிறவருடைய அப்பா யார் என்று எந்த வரியிலும் கேட்கவில்லை.

இதை நான் எங்கோ கேட்டுவிட்டுச் சொல்லவில்லை. வேட்டை அனுமதிகளை மாவட்ட நிர்வாகமே கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், பாரிசுக்கு வெளியே ஒரு பிரெஃபெக்த்யூரில், அதாவது மாவட்ட ஆட்சி அலுவலகத்தில், அந்தக் கவுண்டருக்குப் பின்னால் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். ஆயிரக்கணக்கான வேட்டைக்காரர்களுக்கு முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறேன். ஒரு துப்பாக்கி வெடிக்கும் சத்தத்தைக்கூட நேரில் கேட்டதில்லை. நான் சைவம் வேறு. மானும் காட்டுப்பன்றியும் எனக்குப் படிவத்தில் வரும் கட்டங்கள் மட்டுமே. ஆனால் அந்தக் கட்டங்களை நன்றாக அறிவேன். பிறகு என்னை வெளிநாட்டவர் பிரிவுக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கே இருந்தேன். மான், அகதி ஆகிய இருவருக்கும் இலக்கம் போடும் முறை எனக்குத் தெரியும். மானுக்கான முறை தெளிவானது.

நவம்பர் மாதம், ஒரு திங்கட்கிழமைக் காலையில் தொலைபேசி அடித்தது.

"ஐயா, காப்பாலை ஒரு பிரச்சினை."

குரல் எனக்குத் தெரிந்த குரல்தான். ஆனால் நான் புதுச்சேரிக்காரன். எங்கள் பக்கத்தில் ஒருவருக்குக் காப்பு என்றால் அது போலீஸ் மாட்டுவது.

"காப்பா? எங்க இருக்கீங்க, ஸ்டேஷன்லயா?"

"ஓம் ஐயா, ஸ்டேசனிலைதான் மறிச்சவை."

"கையில காப்பு போட்டுட்டாங்களா?"

பிறகு, பாவம், பொறுமையாகச் சொன்னார்.

"எனக்கில்லை ஐயா. மானுக்கு."

அவரை அறிமுகப்படுத்திவிடுகிறேன். பெயர் சொல்லப்போவதில்லை. அரசாங்கத்தாலேயே சரியாகச் சொல்ல முடியாத பெயரை நான் ஏன் அச்சில் ஏற்ற வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பதைத் தொடும் வயது. பாரிசில் தமிழ்க்கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ பஜோல் தெருவுக்குப் போகும் வழியில் இருக்கும் ஒரு உணவகத்தில் சமையல். வீடு பொண்டி என்ற புறநகரில். அந்த உணவகத்தில் எனக்கும் அவருக்கும் சேர்த்து ஒரு கேலி உண்டு. அவர் பொண்டிக்காரர், நான் பாண்டிக்காரன், எழுதினால் ஒரு கொம்புதான் வித்தியாசம் என்று கல்லாவில் இருப்பவர் சொல்வார். காலையில் பத்து மணிக்கு, அடுப்பு சூடாவதற்கு முன், நான் அங்கே தேநீர் குடிக்கப் போவேன். யாராவது ஒரு கடிதத்தை எடுத்து வந்து என் முன்னால் வைப்பார்கள். வரி, வாடகை, பள்ளிக்கூடம், எதுவானாலும் படித்துச் சொல்வேன், தேவையானால் பதில் எழுதிக் கொடுப்பேன். அப்படித்தான் பழக்கம். அவருடைய பிரெஞ்சுக் குடியுரிமை விண்ணப்பத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். அது உள்ளே போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. நேர்முகத்துக்கு ஜனவரியில் நாள் குறித்திருந்தார்கள்.

அந்த நேர்முகம் அவருக்கு ஏன் முக்கியம் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவர் அகதி அட்டை வைத்திருப்பவர். அந்த அட்டையோடு உலகத்தில் எங்கும் போகலாம், பிறந்த நாட்டைத் தவிர. அவருடைய அப்பா யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். எண்பத்தாறு வயது. இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துவிட்டார். மகன் அவரைப் பார்த்து இருபத்து நாலு வருடம். பிரெஞ்சுக் கடவுச்சீட்டு கைக்கு வந்தால் அடுத்த விமானத்தில் ஏறுவார். வராவிட்டால் தொலைபேசித் திரையில்தான் கடைசிவரை. அவர் இதை ஒருபோதும் பெரிதாகச் சொன்னதில்லை. விண்ணப்பத்தை நிரப்பும்போது, அவசரம் ஏதும் உண்டா என்று கேட்டேன். "அவசரம் எனக்கில்லை ஐயா, அப்பாவுக்குத்தான்," என்றார்.

இனி மானுக்கு வருகிறேன்.

அவர் முன்பு ஒரு பிரெஞ்சு உணவகத்தில் வேலை செய்தார். அந்த முதலாளி ஓய்வு பெற்றதும் பாரிசுக்குத் தெற்கே, ரயிலில் இரண்டு மணி நேரத் தொலைவில், காட்டோரமாக வீடு வாங்கிக்கொண்டு வேட்டைக் குழு ஒன்றின் தலைவரானார். பழைய சமையல்காரரை மறக்கவில்லை. குளிர்காலத்தில் மாதம் ஒரு ஞாயிறு கூப்பிடுவார். இவர் போய், செம்மஞ்சள் அங்கி போட்டுக்கொண்டு, கையில் தடியோடு புதர்களைத் தட்டி விலங்குகளை விரட்டிவிடுவார். துப்பாக்கியைத் தொட அனுமதி வேண்டும். தடியால் புதரைத் தட்ட எவருடைய அனுமதியும் வேண்டாம். அது சட்டம். நாள் முழுவதும் அடுப்புக்கு முன்னால் நிற்கிறவருக்கு ஒரு நாள் நடக்கக் கிடைத்தால் போதுமாம். மாலையில் விரட்டியவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கிடைத்தது ஒரு மானின் பின்னங்கால், தொடையோடு. பட்டை அந்தக் காலில்தான் பூட்டியிருந்தது. பட்டையை அவர் காப்பு என்றுதான் சொல்வார்; பிரெஞ்சிலும் அதற்குக் கையணி என்றுதான் பெயர், ஆகவே அவருடைய மொழிபெயர்ப்பில் குற்றமில்லை. குதிகால் நரம்புக்குள் கோத்து ஒரு தடவை பூட்டினால் மறுபடி திறக்க முடியாத பிளாஸ்டிக் வளையம். அதில் மாதமும் நாளும் அச்சிட்டிருக்கும். சுட்ட நாளைக் கத்தியால் வெட்டிக் குறிக்க வேண்டும். குழுத் தலைவர் வெட்டியிருந்தார். தலைவர் தன் கையால் அத்தாட்சிக் கடிதமும் எழுதினார். பட்டை இலக்கம், நாள், இடம், விலங்கு, கையெழுத்து. இவ்வளவும் விதிப்படி. பிறகு, விதி கேட்காத ஒன்றையும் மரியாதைக்காக எழுதலாம் என்று நினைத்து, பேனாவை நிறுத்திக் கேட்டார்: உங்கள் பெயர்?

பத்து வருடம் அவரைச் செல்லப் பெயரில் கூப்பிட்ட முதலாளி. முழுப் பெயர் அவருக்குத் தெரியாது. இவர் தன் பெயரைச் சொன்னார். வேறு எதைச் சொல்வார்? தமிழனிடம் பெயர் கேட்டால் தமிழன் தன் பெயரைத்தான் சொல்வான். தலைவர் அதைப் பெரிய எழுத்தில், குடும்பப் பெயர் எழுதும் இடத்தில் எழுதினார்.

ரயில் நிலைய வாசலில் பரிசோதகர் ஒருவர் நின்றார். வேட்டைப் பருவத்தில் நிற்பார்கள்; நிற்கவும் வேண்டும். நான் பரிசோதனைக்கு எதிரானவன் இல்லை. லா சப்பல் பலசரக்குக் கடையின் குளிர்ப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாக வந்த கறுத்த மனிதரை நிறுத்தினார். இவர் பையைத் திறந்து காட்டினார். கால் இருந்தது. காலில் பட்டை இருந்தது. பட்டையில் இலக்கம் இருந்தது. அத்தாட்சிக் கடிதத்தைக் கொடுத்தார். அதில் அதே இலக்கம், அதே நாள். விதிப்படி அந்த இடத்தில் பரிசோதனை முடிந்துவிட்டது. நல்ல மாலை சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்.

பரிசோதகர் வதிவிட அட்டையைக் கேட்டார்.

இதன் பிறகு நடந்ததை அவரை உட்காரவைத்து மூன்று தடவை சொல்லச் சொன்னேன். முதல் தடவை எனக்கு நம்பிக்கை வரவில்லை. இரண்டாம் தடவை கோபம் வந்தது. மூன்றாம் தடவை எழுதிக்கொண்டேன்.

"கார்ட்டைப் பார்த்தார் ஐயா. கடிதாசியைப் பார்த்தார். இதிலை வேறை நோம், குடும்பப் பேர், அதிலை வேறை நோம் எண்டார். கார்ட்டிலை மேலை இருக்கிறதைத் தொட்டுக் காட்டி, இது உன்ரை பேரோ எண்டு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இல்லை, அது அப்பான்ரை பேர் எண்டனான்."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"அப்பான்ரை பேர்தானே ஐயா."

உண்மையைச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் அவருடைய அப்பா உயிரோடு இருக்கிறார், அந்தப் பெயரோடு. மகனுக்கு அவர் வைத்த பெயர் வேறு. பாரிசுக்கு வந்ததும் ஒரு கவுண்டரில் ஒரு குமாஸ்தா, முதல் கட்டத்தில் அப்பாவின் பெயரையும் இரண்டாம் கட்டத்தில் மகனின் பெயரையும் எழுதி, முதல் கட்டத்தில் இருப்பதுதான் இனி உன் பெயர் என்று சொல்லிவிட்டார். அட்டைக்காக இவர் அதை ஒப்புக்கொண்டார். மனதால் ஒப்புக்கொள்ளவில்லை. யாராவது சுட்டிக் காட்டிக் கேட்டால், அது அப்பாவின் பெயர்தான்.

பரிசோதகர் புரிந்துகொண்டது: இவன் அப்பாவின் அட்டையைக் கொண்டு திரிகிறான்.

அட்டையில் படம் இருக்கிறது. பிறந்த தேதி இருக்கிறது. அதன்படி அந்த அப்பாவுக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. இரண்டாம் வரியில், கடிதத்தில் உள்ள அதே பெயர் இருக்கிறது. பரிசோதகர் அதைப் படித்தாராம். ஆனால் அது முன்பெயர், இது குடும்பப் பெயர், இரண்டும் வேறு என்றாராம். படத்தைப் பற்றி இவர் கேட்டதற்கு, அப்பாவும் பிள்ளையும் ஒரே சாயலாக இருப்பது உலகத்தில் நடப்பதுதான் என்றாராம். எங்கள் முகங்களை வேறுபடுத்திப் பார்ப்பதற்கும் ஒரு பட்டை பூட்டிவிட்டால் வசதியாக இருக்கும் போலிருக்கிறது.

மான் காலைப் பறிமுதல் செய்தார். குற்ற அறிக்கை எழுதினார். அடையாள அட்டையோடு பொருந்தாத அத்தாட்சியில் வேட்டை இறைச்சி எடுத்துச் சென்றது என்பது குற்றம். அதற்குக் கீழே ஒரு வரி: தன்னிடம் உள்ள அட்டை தன் தந்தையுடையது என்று சம்பந்தப்பட்டவர் தாமாகவே அறிவித்தார். அட்டை இலக்கம் குறிக்கப்பட்டது. அந்த அறிக்கையில், ஒரே பக்கத்தில், இவருடைய பெயர் மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் இருந்தது.

நான் படித்துவிட்டு, தேநீரை அப்படியே வைத்துவிட்டேன். முதல் குற்றம் ஒன்றுமில்லை, ஊதினால் பறந்துவிடும். இரண்டாவது வரிதான் ஆபத்து. பிறருடைய அட்டையைப் பயன்படுத்துகிறவர் என்று ஒரு தாளில் விழுந்துவிட்டால், அந்தத் தாள் குடியுரிமைக் கோப்பைத் தேடிப் போகும். எந்தத் தாள் எங்கே போகும் என்பது மட்டும்தான் நான் முப்பத்தெட்டு வருடத்தில் கற்ற கல்வி.

"அந்தாளுக்கு என்ன, கொம்பு முளைச்சிருக்கோ?" என்று கல்லாவில் இருப்பவர் கேட்டார். இவர் மட்டும் அமைதியாக, தலைவரிடம் புதிதாக ஒரு கடிதம் வாங்கலாமா என்று கேட்டார். வாங்கினோம். தலைவர் நான்கு நாளில் அனுப்பினார், நீல மையில், இரண்டு பக்கம். தவறு தன்னுடையது, பெயர் கேட்டேன், சொன்னார், எந்தக் கட்டம் என்று யோசிக்காமல் எழுதிவிட்டேன், பத்து வருடம் என் அடுப்படியில் நின்ற மனிதர் இவர்தான் என்று எழுதியிருந்தார். மான் படுத்திருக்கும் படமும் வைத்திருந்தார், காலில் பட்டையோடு. அந்தப் படத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. இலக்கத்தை மட்டும் பார்த்தேன்.

இந்த நாட்டில் எனக்கு இப்படி ஒரு தொல்லை வந்ததே இல்லை. அதற்குக் காரணம் என் திறமை அல்ல. எங்கள் முன்னோர் காலத்தில், புதுச்சேரியில், பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வர விரும்பியவர்கள் ஒரு குமாஸ்தாவின் முன்னால் போய் நின்று, பழைய வழக்கத்தைத் துறக்கிறேன் என்று எழுதிக் கொடுத்து, குடும்பத்துக்கு ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். என் கொள்ளுத்தாத்தா தேர்ந்தெடுத்த பெயர் அப்போதைய நீதிபதியின் சமையல்காரர் சொன்ன பெயர் என்று வீட்டில் சொல்வார்கள். எப்படியோ, முதல் கட்டத்தை நிரப்ப எங்களிடம் ஒன்று இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர்களை எவரும் அப்படிக் கேட்கவில்லை. அவர்கள் அப்பாவின் பெயரைத் தங்கள் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள்.

அந்தக் கட்டங்களை நானும் நிரப்பியிருக்கிறேன். வெளிநாட்டவர் பிரிவில், எனக்கு முன்னால் நின்று "அது அப்பான்ரை பேர்" என்று சொன்னவர்கள் இருந்தார்கள். தமிழ் தெரிந்த ஒரே குமாஸ்தா நான். அவர்கள் சொல்வது எனக்குப் புரிந்தது. புரிந்தும், படிவத்தில் இரண்டு கட்டம்தான் இருக்கிறது என்று சொல்லி எழுதிக் கொடுத்தேன். இவருடைய அட்டையை எழுதியது நான் இல்லை, வேறு மாவட்டம். அது ஒரு தற்செயல்.

அரசு வழக்குரைஞருக்குக் கடிதம் எழுதினேன். மூன்று பக்கம். விதியைச் சொன்னேன், பட்டை இலக்கத்தைச் சொன்னேன், தலைவரின் கடிதம், அட்டையின் நகல், யாழ்ப்பாணத்துப் பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பு எல்லாம் இணைத்தேன். அனுப்புநர் இடத்தில், அட்டையில் உள்ளபடி, முதலில் குடும்பப் பெயர், பிறகு முன்பெயர். ரெகொமாந்தேயில், அதாவது பதிவுத் தபாலில், போட்டோம், பெற்றுக்கொண்ட சீட்டோடு. சீட்டு ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. பதில் வரவில்லை.

டிசம்பர் போயிற்று. உணவகத்தில் அவருக்கு மான்காரர் என்று பெயர் விழுந்தது. அவருக்கு இருந்த பெயர்கள் போதாது என்பதுபோல. கல்லாவில் இருப்பவர் தினமும் ஒன்று வைத்திருப்பார்.

"அண்ணை, இண்டைக்கு ஆற்றை பேரிலை வேலைக்கு வந்தனீங்கள்? உங்கடை பேரிலையோ, கொப்பற்றை பேரிலையோ?"

"அப்பான்ரை பேரிலை," என்பார் இவர், வெங்காயம் வெட்டிக்கொண்டே. "சம்பளம் மட்டும் என்ரை பேரிலை போடுங்கோ."

ஆனால் நேர்முகம் நெருங்க நெருங்க அவர் பேச்சுக் குறைந்தது. பிரெஞ்சு ஆறுகளின் பெயர்களையும் புரட்சி நடந்த ஆண்டையும் மகளிடம் ஒப்பிப்பதாகச் சொன்னார். மகள் இங்கே பிறந்தவள். பிழை விட்டால் பிரெஞ்சில் திருத்துவாளாம். அவளுடைய அட்டையிலும் முதல் கட்டத்தில் தாத்தாவின் பெயர்தான். அவளுக்கு அது தன் பெயர்.

ஜனவரியில் நேர்முகத்துக்கு நானும் போனேன். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். நாற்பது நிமிடம். வெளியே வந்தவர் நடந்ததைச் சொன்னார். எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாராம். கொடியின் நிறங்கள், மதச்சார்பின்மை, லுவார் நதி. அதிகாரி நல்லவராம், சிரித்தாராம். கடைசியில் திரையைப் பார்த்துவிட்டு, உங்கள் அட்டை இலக்கத்தின் மேல் ஒரு குறிப்பு இருக்கிறது, அட்டைக்கு உரியவர் யார் என்பது விசாரணையில், வழக்குரைஞர் அலுவலகத்திலிருந்து முடிவு வரும்வரை கோப்பை ஒதுக்கி வைக்கிறோம் என்றாராம். எத்தனை நாள் என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினாராம்.

"அப்பாவுக்கு என்ன சொல்லுறது ஐயா?" என்று என்னிடம் கேட்டார்.

நான் அவரைப் பார்க்காமல், மறுநாள் நீதிமன்றத்துக்கே போகலாம் என்றேன்.

நீதிமன்ற வரவேற்பில் ஓர் இளம்பெண் இருந்தாள். மரியாதையானவள்; அவள்மேல் எனக்குக் குறை இல்லை. பெயர் கேட்டாள். அட்டையைக் கொடுத்தார். தேடினாள். இந்தப் பெயரில் எந்த வழக்கும் இல்லையே என்றாள். குற்ற அறிக்கையின் நகலைக் கொடுத்தேன். அதை வைத்துத் தேடினாள். இருந்தது. ஆனால் அது வேறொருவர் மேல் என்றாள்.

மூன்று எழுத்துக்கூட்டலுக்கு நடுவில் நான் கவனிக்கத் தவறியது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பரிசோதகர், அத்தாட்சிக் கடிதத்தில் இருந்த பெயரைத்தான் உண்மையான குடும்பப் பெயர் என்று நம்பி, அந்தப் பெயரில் வழக்கைப் பதிந்திருக்கிறார். அட்டையில் இருக்கும் ஆள் அவருடைய அப்பா. நானோ எல்லாம் தெரிந்தவன், சட்டப்படியான பெயரில் கடிதம் அனுப்பியிருக்கிறேன். ஆகவே அரசாங்கத்தின் கணினியில் இரண்டு மனிதர்கள். ஒருவர் மேல் வழக்கு இருக்கிறது, அவருக்காக ஒருவரும் வாதாடவில்லை. மற்றவருக்காக மூன்று பக்கம் வாதாடியிருக்கிறது, அவர் மேல் வழக்கு இல்லை. என் கடிதம், யார் மேலும் இல்லாத குற்றத்துக்கு யாரோ தந்த விளக்கமாக, இரண்டு மாதம் ஒரு தட்டில் கிடந்திருக்கிறது.

இரண்டும் ஒரே ஆள் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் இரண்டு தாள்களையும் பார்த்தாள், இவரையும் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது, அதை அவள் முகத்தில் கண்டேன். ஆனால் இரண்டு கோப்புகளை இணைக்கத் தனக்கு அதிகாரம் இல்லை, வழக்கு எந்தப் பெயரில் இருக்கிறதோ அந்தப் பெயரில் எழுத்துமூலம் விண்ணப்பிக்க வேண்டும் என்றாள். முன்பு நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன், அதே மரியாதையோடு.

அன்றே எழுதினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, தவறு என்று தெரிந்தே, தவறான பெயரில் ஓர் அரசுக் கடிதம். குடும்பப் பெயர் எழுதும் இடத்தில் அவருடைய சொந்தப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினேன். முன்பெயருக்கான இடத்தில் ஒரு கோடு. எழுதி முடித்து அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். பெயரை எழுத்தெழுத்தாக வாசித்தார்.

"இப்பதான் ஐயா சரியா எழுதியிருக்கு," என்றார்.

பெப்ரவரியில் யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி வந்தது. அப்பாவை மூன்றாம் தடவையாக ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ஒன்பது நாள் இருந்தார். அந்த ஒன்பது நாளும் இவர் உணவகத்துக்கு வந்து, அங்கியை மாட்டி, கொத்து ரொட்டிக் கல்லுக்கு முன்னால் நின்றார். எவரும் மானைப் பற்றிப் பேசவில்லை. கல்லாவில் இருப்பவர்கூட. நான் தினமும் வழக்குரைஞர் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். இசை கேட்டேன். எண்களை அழுத்தினேன். உங்கள் அழைப்பு முக்கியமானது என்றது. பத்தாம் நாள் அப்பா வீட்டுக்குத் திரும்பினார்.

அதற்கடுத்த வாரம் பொண்டி வீட்டுக் கதவில் தபால்காரர் ஒரு சீட்டை ஒட்டிவிட்டுப் போயிருந்தார். ரெகொமாந்தே வந்திருக்கிறது, வீட்டில் ஆள் இல்லை, அடையாள அட்டையோடு தபால் நிலையத்தில் வந்து பெற்றுக்கொள்ளவும். பெறுநர் இடத்தில் இருந்தது, நான் எழுதியனுப்பிய அந்தத் தவறான பெயர்.

இவர் சீட்டைப் படமெடுத்து எனக்கு அனுப்பினார். பார்த்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு ரயிலேறினேன். என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். சீட்டில் ஒரு பெயர், அட்டையில் வேறு பெயர். அதே ரயில் நிலைய வாசல் கதைதான், மான் கால் மட்டும் இல்லை.

தபால் நிலைய வரிசையில் நிற்கும்போது அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். யார் எதைச் சுட்டிக் காட்டிக் கேட்டாலும் அப்பா என்ற சொல் வாயிலிருந்து வரக்கூடாது. இது உங்கள் பெயரா என்று கேட்டால், ஆம். அதுவும் உங்கள் பெயரா என்றால், ஆம். இரண்டு சொல், "செ மூவா", அது நான்தான். அதற்கு மேல் ஒரு எழுத்து வேண்டாம்.

கவுண்டரில் இருந்தவர் கண்ணாடியை உயர்த்திச் சீட்டைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார். அட்டையின் மேல் வரியில் விரலை வைத்தார். இது யார் என்று கேட்டார்.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இருபத்து நாலு வருடமாக எவர் கேட்டாலும் அவர் சொல்லிவந்த பதில் அவர் வாயில் இருந்தது. அதை விழுங்கினார்.

"செ மூவா," என்றார்.

கவுண்டர்காரர் இரண்டாம் வரியையும் பார்த்தார். அட்டையைத் திருப்பிப் பார்த்தார். படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். ஓர் அரசு ஊழியர் அதைச் செய்வதை இந்த வழக்கில் அப்போதுதான் முதல் தடவையாகக் கண்டேன். பிறகு உள்ளே போய்க் கடிதத்தை எடுத்து வந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்.

வாசலிலேயே நின்று படித்தேன். ஐந்து வரி. குற்றம் நிகழ்ந்ததற்கு ஆதாரம் இல்லை. இறைச்சி விதிப்படி அடையாளமிடப்பட்டிருந்தது. இரு பெயர்களும் ஒரே நபருடையவை என உறுதி செய்யப்பட்டது. மேல் நடவடிக்கை இல்லை. நகல்: பிரெஃபெக்த்யூர், குடியுரிமைப் பிரிவு. வருத்தம் என்றோ மன்னிப்பு என்றோ ஒரு சொல் இல்லை. நான் அதை எதிர்பார்க்கவில்லை. அந்தச் சொல்லுக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

கடைசி வரியை இரண்டாம் தடவை தமிழில் சொன்னேன். அவர் தலையாட்டினார். பிறகு அங்கேயே, குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுத்தார். திரையில் ஒரு மெலிந்த முகம், தலையணையில். காது கேட்காததால் இவர் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. வழக்கு முடிஞ்சுது, கோப்பை இனித் திறப்பினம், வாறன். கிழவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"இறைச்சியைத் திருப்பித் தந்தவங்களோ?"

அவர் சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும். ஆனால் நான் உறையின் மூலையில் தபால் நிலையம் குத்தியிருந்த அன்றைய தேதி முத்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மான் காலைப் பறித்தது வேட்டைப் பருவம் நடுவில் இருக்கும்போது. பருவம் பெப்ரவரி கடைசி நாளோடு மூடப்படும். பதில் எங்கள் கைக்கு வந்த நாள் மார்ச் ஒன்று; இனி அடுத்த பருவம்வரை திருப்பித் தர மான் கிடையாது.